நொண்டி என்று கூப்பிட்டவள்

செயற்கைக் கால் செய்கிற அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்களில் ரெண்டு காலும் சொந்தமாக வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். கால்களுக்கு வார் தைப்பது அவள் வேலை. அவள் புருஷன் முட்டி பொருத்துகிறவர். மற்றவர்களைப் போல அவரும் தாங்கள் செய்த காலிலேயே நடந்துகொண்டிருந்தார்.

அங்கே வாய்க்கு வாய் நொண்டிதான். "டேய் நொண்டி, ரம்பம் எங்கடா?" என்று ஒருவர் கேட்டால், "உன் நொண்டிக் காலுக்குக் கீழதான் கிடக்கு, பாரு நொண்டி" என்று பதில் வரும். ஆளாளுக்குப் பெயர் வைத்திருப்பதே சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடத்தான் என்பது போலப் புழங்கினார்கள். அதில் யாருக்கும் ரோஷம் கிடையாது.

ஆனால் வாசலுக்கு அந்தப் பக்கத்து ஆள் சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. பிளாஸ்டர் மூட்டை இறக்க வந்த லாரி டிரைவர் ஒருவன் இவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து, கிளம்பும்போது "வர்றேன் நொண்டிங்களா" என்று கையை ஆட்டினான். பாவம், சிநேகமாகத்தான் சொன்னான். இறக்கிய மூட்டைகளைத் திருப்பி ஏற்றாத குறை. எல்லாரையும்விட அதிகமாகக் குதித்தவள் அவள்.

"யாரைப் பாத்து என்ன வார்த்தை சொல்ற?"

"நீங்களும்தானேம்மா சொல்றீங்க?"

"நான் சொல்லுவேன். நான் இந்த வீட்டு ஆளு."

அதை அங்கே யாரும் மறுக்கவில்லை. கல்யாணமான புதிதில் புருஷனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் முழித்தவள்தான் அவள். பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "என்னங்க" என்று இழுக்கக் கூச்சம். பட்டறைக்கு வேலைக்கு வந்தபோது ஒருநாள் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி "ஏ நொண்டி" என்று கூப்பிட்டுவிட்டாள். பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். அப்புறம் என்ன, அதுவே நிலைத்துவிட்டது. அடுப்படியிலும் நொண்டி, படுக்கையிலும் நொண்டி. கோபத்துக்கும் அதே, கொஞ்சலுக்கும் அதே.

அவர் செத்துப்போனார். ராத்திரி படுத்தவர் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் "அழுதுடும்மா, உள்ள வச்சுக்காத" என்றார்கள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மரத்துப்போய்க் கிடந்தாள். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் வேலைக்குத் திரும்பினாள். போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிய இடம் அது ஒன்றுதான்.

வந்த அன்றைக்கே அது நடந்தது. டீ வந்திருந்தது. அச்சு எடுக்கிறவர், அவள் புருஷனுக்கு உயிர் நண்பர், பிளாஸ்டர் கையோடு ஏதோ யோசனையில் நின்றிருந்தார்.

"ஏ நொண்டி, டீ ஆறுது பாரு" என்றாள் அவள், பழக்கத்தில்.

ரம்பம் நின்றது. யாரும் முறைக்கவில்லை, திட்டவில்லை. அச்சுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "இதோ எடுத்துக்கிறேங்க அண்ணி" என்று தம்ளரை எடுத்துக்கொண்டு தன் மூலைக்குப் போய்விட்டார்.

அதிலிருந்து ஒரே மரியாதை. முந்தியெல்லாம் "வா அண்ணி, போ அண்ணி" என்றிருந்தவர்கள் "வாங்க, உக்காருங்க" என்று ஆரம்பித்தார்கள். நூல்கண்டு கீழே விழுந்தால் அவள் குனியுமுன் ஆளுக்கு முன் ஆள் நொண்டியடித்து வந்து எடுத்துக் கொடுத்தார்கள். பின்கட்டில் சிரிப்பும் அந்த வார்த்தையும் அமர்க்களப்படும். இவள் தலை தெரிந்ததும் பாதி வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு, மழை வருமா வராதா என்று பேசுவார்கள். லாரி டிரைவர் நின்ற இடத்தில் இப்போது தான் நிற்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர, வலிக்கவில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். கூட வேலை பார்த்தவர் யாராவது போய்விட்டால் அவர் கால் திரும்பி வந்துவிடும். பிரித்து, நல்ல பாகங்களை வேறு யாருக்காவது பொருத்துவார்கள். வாரைப் பிரிப்பது அதைத் தைத்தவர் வேலை. அவளும் புருஷன் காலைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தாள். அச்சுக்காரர் காலைப் பிடித்துக்கொண்டார், அவள் தையலைப் பிரித்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"தம்பி, அன்னைக்கு நான் சொன்னது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னாங்க?"

"பின்ன ஏன் என்னை விருந்தாளி மாதிரி நடத்துறீங்க?"

அவர் காலைத் திருப்பிப் பிடித்தார். "அவன் இருந்தப்ப நீ சொன்னா, அது அவனே சொன்ன மாதிரி இருக்கும் அண்ணி. அன்னைக்கு யாரோ ரெண்டு காலு இருக்கிறவங்க சொன்ன மாதிரி விழுந்துச்சு. வேணும்னு அப்படிக் கேக்கல. காது கேட்டுடுச்சு."

அவள் தலையாட்டினாள். ரெண்டு தையல் பிரித்தாள். அப்புறம் கை நின்றது.

"வீட்டுல நீங்க யாரும் இல்லையே. நானும் அவரும் மட்டும்தானே. அங்க நான் சொன்னது அவர் காதுல எப்படி விழுந்திருக்கும்?"

அச்சுக்காரர் முட்டியில் இல்லாத தூசியை ஊதினார்.

"உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"ஒரு தடவை. சிரிச்சுக்கிட்டுதான் சொன்னான்."

"என்ன சொன்னார்?"

"'வெளிய போனா ஊரே நொண்டிங்குது. இங்க நாம நொண்டிங்கிறோம், அது வேற. வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு உக்காரலாம்னு பாத்தா, காலை மட்டும்தான்டா கழட்ட முடியுது'ன்னான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நாங்க சிரிச்சுட்டோமே அண்ணி. அவனும் சிரிச்சான். சிரிச்சதும் அது ஜோக்கா ஆயிடுச்சு."

அவள் மீதித் தையலையும் பிரித்தாள். அவசரப்படவில்லை. வார் புருஷன் தொடையின் வளைவிலேயே மடங்கிக் கிடந்தது, நீவிவிட்டாலும் நிமிரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் பெயரைச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. மெதுவாக, கூப்பிடுகிற மாதிரியே சொன்னாள்.

அச்சுக்காரர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"யாரைக் கூப்பிடுற அண்ணி?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அது யார் பெயர் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.