டிக்கால் விழாத நாலு வாரம்

முத்துக்குமரனின் வகுப்பில் டிக்கால் நகரம் நாலு வாரமாக எழும்பிக்கொண்டே இருந்தது. காட்டை வெட்டினார்கள். சுண்ணாம்பு சுட்டார்கள். மழைத் தண்ணீரைத் தேக்கக் குளம் குளமாக வெட்டினார்கள். படிப்படியாக உயரும் கோயில்களைக் கட்டினார்கள். அரசன் பெயரையும் தேதியையும் கல்லில் வெட்டி நட்டார்கள். அடுத்த வகுப்பில் மறுபடியும் காட்டை வெட்டினார்கள்.

'பண்டைய மெசோஅமெரிக்கா' என்ற அந்தப் பாடம் அவனுடையது அல்ல. அவன் மனைவி ரோகிணியுடையது. பசுமலையில் ஒரே கல்லூரியில், ஒரே வரலாற்றுத் துறையில் இருவருக்கும் வேலை. அவன் பாண்டியர் வரலாறு எடுத்தான். உலகத்தின் அந்தப் பக்கத்தில், மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் என்றைக்கோ ஊர் கட்டியவர்களைப் பற்றி மதுரைப் பிள்ளைகளுக்கு என்ன வந்தது என்று பாடத்திட்டக் கூட்டத்தில் கேட்டார்கள். "டிக்கால்ல ஆறு கிடையாது சார். குளத்துல தேக்குன மழைத் தண்ணிதான். கண்மாயை நம்பிப் பொழைக்கிற பிள்ளைகளுக்கு இது சட்டுன்னு புரியும்" என்று வாதாடி, அதை விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தாள் ரோகிணி. ஒன்பது பேர் சேர்ந்தார்கள்.

மொத்தம் ஐந்து அலகுகள். முதல் மூன்றில் நகரங்கள் எழுகின்றன. நான்காவதில் டிக்கால் போன்ற மாயா நகரங்கள் விழுகின்றன. ஐந்தாவதில் அஸ்டெக்குகள் எழுந்து அவர்களும் விழுகிறார்கள். மூன்றாவது அலகை முடித்த வெள்ளிக்கிழமை ரோகிணிக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு. ஆறாம் நாள் செத்துப்போனாள். இருபத்தெட்டு வயது.

காரியம் முடிந்து அவன் கல்லூரிக்குத் திரும்பிய அன்று துறைத்தலைவர் அழகுபாண்டி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சொந்தம் இல்லை. ஆனாலும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவனை மாப்ள என்றுதான் கூப்பிடுவார்.

"மாப்ள, அந்தப் பேப்பரை ஒருத்தரும் தொட மாட்டேங்கிறாங்க. ஊர்ப் பேரே வாயில நுழையலைங்கிறாங்க. நோட்டு ஒன் வீட்டுலதான இருக்கு. மிச்சம் ரெண்டே அலகு. நீயே எடுத்துரு."

அவன் தலையாட்டினான். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டினான்.

முதல் நாள், நடந்த பாடத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு நான்காவதற்குப் போகலாம் என்றுதான் நினைத்தான். ரோகிணியின் நோட்டில் மூன்றாவது அலகு முடிகிற பக்கம் வரைக்கும் வந்தான். அதற்கு மேல் தாளைத் திருப்பவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் நாள் எழுந்து நின்று, "டிக்கால் எப்படி உருவாச்சுன்னா" என்று தன் வாயே ஆரம்பிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் அது பழகிவிட்டது. பாடக் குறிப்பேட்டில் 'அலகு மூன்று, மீள்பார்வை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஒன்பது பேரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏற்கெனவே எழுதியதையே மறுபடியும் எழுதினார்கள். மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்தே "வாரேன் சார்" என்று கத்துகிற முத்திருளன்கூட சத்தமில்லாமல் நழுவினான். அலுத்துப்போயிருக்கும் என்று முத்துக்குமரன் நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் நினைக்கவில்லை.

கடைசி வகுப்புக்கு முந்தின நாள் மதியம், ஆசிரியர் அறை வாசலில் தமிழ்வாணி நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது பேரில் ஒருத்தி, வாடிப்பட்டிக்குப் பக்கத்து ஊர்ப் பெண். அம்மா மலையம்மாள் நூல் மில்லில் வேலை பார்க்கிறாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க சார்."

"சொல்லும்மா."

"நாளையோட வகுப்பு முடியுது சார். நாலாவதும் அஞ்சாவதும் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. பாதிக் கேள்வி அதுலருந்துதான் வரும். இதுல போச்சுன்னா அரியர் விழுந்துரும். அரியர் இருந்தா எனக்கு பி.எட். கெடையாது சார். எங்கம்மா இந்த ஒரு வருசத்துக்குத்தான் பொறுத்துக்கிட்டு இருக்கு. அடுத்து மாப்பிள்ளை பாத்துரும்."

அவன் அவளையே பார்த்தான். "நாலு வாரமா ஏம்மா கேக்கல?"

அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். "எப்பிடி சார் கேக்குறது? எழவு வீட்டுல போயி எதையும் கேக்க மாட்டோம்ல. வந்து உக்காருவோம், எந்திரிச்சுப் போவோம். போயிட்டு வாரேன்னுகூடச் சொல்லக் கூடாது. மொத நாளே எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம் சார், யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. முத்திருளன்தான் ரெண்டு தடவ மறந்துட்டான். அவனுக்குத் தலையில ஒரு கொட்டு வச்சோம்."

"இது எழவு வீடு இல்லம்மா. வகுப்பு."

"மேடம் வகுப்பு சார்."

நாலு வாரமாகத் தன்னிடம் துக்கம் கேட்க வந்திருக்கிறார்கள். அவன் அவர்களுக்கு டிக்காலைக் கட்டிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"எழுதி அனுப்புறேம்மா. வாட்ஸ்அப்ல" என்றான்.

"சரிங்க சார்" என்றாள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவனும் நம்பவில்லை. தமிழில் அந்தப் பாடத்துக்குப் புத்தகமே கிடையாது. ரோகிணி படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் விதம் அவள் தலைக்குள் இருந்தது.

மறுநாள் காலை செல்லூர் வீட்டில், பக்கத்துத் தறிகளின் சத்தத்துக்கு நடுவே நோட்டை எடுத்து அந்தத் தாளைத் திருப்பினான். 'நான்காம் அலகு: வீழ்ச்சி' என்று தலைப்பு. அதற்குக் கீழே பென்சிலில்:

'இதை நான் சொல்லக் கூடாது. மழை பெய்யாத வருஷம் உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்க வேண்டும். பாதிப் பாடத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். பிறகு டிக்காலுக்குப் போகலாம். மூன்று வகுப்பு.'

மீதித் தாள்கள் வெள்ளையாக இருந்தன. அவன் கையில் இருந்தது ஒரு வகுப்பு. ஐம்பது நிமிஷம்.

வகுப்பில் ஒன்பது பேரும் நோட்டைத் திறந்து தயாராக இருந்தார்கள். அவன் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை.

"மழை பெய்யாட்டி ஒங்க ஊர்ல என்ன செய்வீங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தமிழ்வாணி முன் பெஞ்சிலிருந்து திரும்பி முத்திருளனைப் பார்த்து, சொல்லு என்பதுபோலத் தலையசைத்தாள்.

"மொத வருசம் சாமி கும்புடுவோம் சார்" என்றான் அவன்.

"ரெண்டாவது வருசம்?"

"இன்னும் பெருசாக் கும்புடுவோம். போன வருசம் ஒரு கெடான்னா இந்த வருசம் மூணு."

ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். நாலு வாரத்தில் அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு.

"அதுக்கும் பெய்யலைன்னா?"

"சண்டதான் சார். மேல் ஊர்க்காரன் மடைய அடைச்சுட்டான்னு போவோம். அவன் நாங்க ஒடைச்சுட்டோம்னு வருவான்."

"டேய், ஒங்க ஊர்க்காரன்தான்டா ஒடைச்சது" என்றான் பின்னாலிருந்து இன்னொருவன். "எங்க சித்தப்பா மண்டையே சாட்சி."

"அப்பறம்?" என்றான் முத்துக்குமரன். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

"அப்பறம் என்ன சார், திருப்பூருக்குப் பஸ் ஏறிருவோம்."

"அம்புட்டுப் பேருமா?"

"ஒரே நாள்ல இல்ல சார். மொதல்ல ஒருத்தன் போவான். பொங்கலுக்கு வந்து ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போவான். கடைசில பூசாரியும் பிரசிடெண்டும்தான் இருப்பாங்க. பூசாரிக்குக் கோயில் இருக்கு. பிரசிடெண்டுக்குப் போஸ்டர் ஒட்டணும்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். டிக்காலில் அதுதான் நடந்தது. பூசை பெருத்தது. பக்கத்து நகரத்தோடு போர். சனம் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நடந்தது. குடிகள் கரைந்துகொண்டிருக்கும்போதும் அரசர்கள் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். கோப்பான் என்ற இன்னொரு மாயா நகரத்தில் அப்படி ஒரு கல், ஒரு பக்கம் முடித்து, மறுபக்கம் தொடங்கி, அப்படியே நிற்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தான். ரோகிணியின் பாடம் அவன் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் இருந்தால் இவர்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

"சார்" என்றாள் தமிழ்வாணி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து நிமிஷம் போயிருந்தது. "நல்லாருக்கு சார். ஆனா நேரமில்ல. பாயிண்ட்டாச் சொல்லிருங்க, எழுதிக்கிறோம்."

சிரிப்பு நின்றது. ஒன்பது தலைகள் நோட்டின் மேல் குனிந்தன.

ரோகிணி ஒரு நாளும் பாயிண்ட் சொல்லி எழுத வைத்ததில்லை. பிள்ளைகளே பேசிப் புரிந்துகொள்ள நேரம் வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்தினாள். அந்த நேரத்தை அவன் தின்றுவிட்டான்.

"எழுதிக்கங்க" என்றான். "மாயா நகரங்களின் வீழ்ச்சிக்கான காரணங்கள். ஒன்று, தொடர் வறட்சி. இரண்டு, காடழிப்பு. மூன்று, நகரங்களுக்கு இடையே போர். நான்கு, அரசர்கள் மேல் குடிமக்கள் நம்பிக்கை இழத்தல். ஐந்து, இடப்பெயர்ச்சி."

ஐந்து வரியில் டிக்கால் விழுந்தது. பேனாக்கள் சரசரத்தன. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

"அஞ்சாவது அலகு. அஸ்டெக்குகள். ஏரிக்கு நடுவுல தெனோச்சித்லான்னு ஒரு நகரம் கட்டுனாங்க. வீழ்ச்சிக்கான காரணங்கள். ஒன்று, ஸ்பானியர் படையெடுப்பு. இரண்டு, ஸ்பானியரோடு சேர்ந்துகொண்ட பக்கத்து நாட்டார். மூன்று..."

நின்றான்.

"மூன்று, அம்மை. காய்ச்சல் கண்டு, கொப்புளம் போட்டு, கொத்துக் கொத்தாச் செத்தாங்க. புதுசாப் பட்டத்துக்கு வந்த அரசனும் எண்பது நாள்ல அதுலயே போயிட்டான். தூக்கிப் போட ஆள் இல்ல."

"சார்" என்றான் முத்திருளன், தலை நிமிராமல். "எத்தன பேரு சார்? நம்பர் போட்டா மார்க்கு கெடைக்கும்."

முத்துக்குமரன் நோட்டைப் புரட்டினான். வெள்ளைத் தாள். அடுத்ததும் வெள்ளை.

"தெரியல. நெறையப் பேரு."

"நெறையன்னே எழுதிக்கவா சார்?"

"எழுதிக்க."

எழுதினார்கள். தமிழ்வாணி அந்த வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள்.