கிடைக்காததற்கு ஒரு சாட்சி

என் கணவர் ஜோன் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்குச் சந்தேகம் வரும். டென்மார்க்கில், பிராண்டே என்ற எங்கள் ஊரில், காற்றாலைக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். குடி இல்லை, சிகரெட் இல்லை. வாய் மட்டும் சும்மா இராது. நல்ல செய்தி ஒன்று காதில் விழுந்தால் அதை வயிற்றுக்குள் வைத்திருக்க அவருக்குத் தெரியாது.

எங்கள் மகள் எப்சிபா அவருக்கு நேர் எதிர். படுக்கப் போ என்றால், எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்ட பிள்ளை அவள். ஒன்றைச் சொல்ல முன்னம் அது சரிதானா என்று நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். ஜிம்னாசியம் என்று இங்கே சொல்லும் மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடம் வந்ததும், கேம்பிரிட்ஜில் சட்டம் படிக்க விண்ணப்பிக்கப்போகிறேன் என்றாள். காசுக்கு எங்கே போவது என்று நான் கேட்டேன். உதவித்தொகை ஒன்று இருக்கிறது, அதையும் இடம் கிடைத்தால்தான் கேட்கலாம் என்றாள். கிடைக்காது, ஆனால் முயற்சி செய்துபார்க்காமல் விடமாட்டேன் என்றும் சொன்னாள். அவள் அந்தக் ‘கிடைக்காது’ என்ற சொல்லைச் சாப்பாட்டுக்கு உப்புப் போடுகிற மாதிரி எல்லாவற்றிலும் போடுவாள்.

நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அதுவும் கணினி வழியாக. அவ்வளவுதான். எப்சிபா மேலே தன் அறையிலிருந்து இறங்கி வந்து அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். ஜோன் கண்ணை மூடி “ஸ்தோத்திரம்” என்றார். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் சபை ஞாயிறு பின்னேரங்களில் ஹேர்னிங்கில் வாடகை மண்டபம் ஒன்றில் கூடும். பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். யாரும் போய் மைக்கைப் பிடித்து, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்லலாம். இன்னும் செய்யாததற்கும் முன்கூட்டியே நன்றி சொல்லலாம். விசுவாசத்தால் பெற்றுக்கொள்வது என்று அதற்குப் பேர். குருசுமுத்து அண்ணை தன் முதுகுவலி சுகமாகிவிட்டது என்று ஒருமுறை அப்படிச் சாட்சி சொன்னார். அதன் பிறகும் கதிரையால் எழும்பும்போது அவர் சுவரைப் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராத மாதிரி இருந்துவிட்டோம். கிடைக்கவில்லை என்று சொல்ல யாரும் அந்த மைக்குக்குக் கிட்டப் போனதில்லை.

அந்த ஞாயிறு ஜோன் எழும்பிப் போனார்.

“என்ர மகள் எப்சிபாவுக்குக் கேம்பிரிட்ஜில சட்டம் படிக்கக் கர்த்தர் இடம் தந்திட்டார். விசுவாசத்தால பெற்றுக்கொண்டன். அல்லேலூயா!”

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி எப்சிபாவைப் பார்த்துக் கைதட்டினார்கள். பாஸ்டர் யேசுரட்ணம் அவளை முன்னே கூப்பிட்டுத் தலையில் கைவைத்து ஜெபித்தார். அவள் மரம் மாதிரி நின்றாள். எனக்கு ஜோனின் கோட்டைப் பிடித்து இழுக்க வேண்டும் போல் வந்தது, ஆனால் அவர் எட்டாத தூரத்தில் நின்றார்.

நாங்கள் வீடு வந்து சேரமுன்னமே பாஸ்டர் அவள் தலையில் கைவைத்த படம் சபையின் வாட்ஸப்பில் வந்துவிட்டது. அடுத்த நாள் ஜோனின் தங்கை ஸ்ரெபானி கேக்கோடு வந்தாள், அதில் சின்னச் சின்ன டென்மார்க் கொடி குத்தியிருந்தது. இங்கிலாந்துக் கொடி கடையில் இல்லையாம். டொரோண்டோவிலிருந்து சொந்தக்காரர் எடுத்து, பிள்ளைக்கு லண்டனில் தங்க இடம் பார்க்கவோ என்று கேட்டார்கள். எப்சிபா கேக்கைத் தொடவில்லை. ஸ்ரெபானி போனதும் தகப்பனைப் பார்த்து டெனிஷில் கத்தினாள். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: நீங்கள் பொய் சொல்லிவிட்டீர்கள்.

“அது பொய் இல்லை பிள்ளை, விசுவாசம்,” என்றார் ஜோன்.

“நடக்காததை நடந்ததெண்டு சொன்னா அது பொய்,” என்றாள் தமிழில். சண்டையில் அவளுக்கு டெனிஷ்தான் முந்தும், கோபம் உச்சத்துக்குப் போனால்தான் தமிழ் வரும். “இனிக் கிடைக்காட்டி நான் எல்லாருக்கும் முன்னால தோத்துப்போய் நிக்கோணும். நீங்கள் இல்லை, நான்!”

சொல்லிவிட்டு மேலே போனவள்தான், அதன் பிறகு தகப்பனோடு கதைக்கவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் என்னிடம் கேட்டாள், அது அவருடைய கையடியில் இருந்தாலும்.

அடுத்த ஞாயிறே போய்த் திருத்திச் சொல்லுங்கள் என்று நான் அவரோடு மல்லுக்கு நின்றேன். “திருத்திச் சொன்னா நம்பேல்லை எண்டாகிடும், மலர். நீர் கொஞ்சம் பொறும்,” என்றார். பொறுமை எனக்கு எங்கே இருக்கிறது? இரண்டு நாள் நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவில்லை. அவர் தானே ஊற்றி எனக்கும் ஒன்று கொண்டுவந்து வைத்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

நேர்முக நாள் காலை எப்சிபா எங்கள் இரண்டு பேரையும் வீட்டை விட்டுக் கலைத்தாள். “அப்பா கீழ இருந்தா ஜெபிப்பார். அவர் ஜெபிச்சா கேம்பிரிட்ஜுக்கே கேக்கும்,” என்று என்னிடம் சொன்னாள். பொய்யும் இல்லை. அதனால் நாங்கள் விளையாட்டு மண்டபத்தின் கார் பார்க்கில் போய்க் காருக்குள் இருந்தோம். மழை. கார்க் கண்ணாடி முழுக்க மூச்சுப்பட்டுப் புகார் படிந்திருந்தது. ஜோன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உதடு மட்டும் அசைய ஜெபித்தார். சத்தம் வராமல் அவர் ஜெபித்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

“ஏனப்பா அப்பிடிச் செய்தனீங்கள்?” என்று கேட்டேன். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன், அது கேள்வியாக வந்துவிட்டது.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். “பிள்ளை வாயைத் திறந்தா கிடைக்காது எண்டுதான் சொல்லுது. பள்ளிக்கூடத்தில கேட்டா, பாப்பம் எண்டினம். நீரும் காசு காசு எண்டு நிண்டனீர். வீட்டில ஒராள் எண்டாலும் அது கிடைச்சிட்டுது எண்டு இருக்க வேண்டாமோ? அதுக்குத்தான் சொன்னனான். எனக்குப் பயமாத்தான் இருந்தது, மலர். சொன்னாப் பயம் போகும் எண்டு நினைச்சன்.”

“போச்சுதோ?”

“இல்லை.”

எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபம் பாதி அந்த இடத்திலேயே கரைந்தது. மீதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன், தேவைப்படும் என்று தெரியும்.

வீட்டுக்குப் போனபோது எப்சிபா குசினி மேசையில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். ஜோன் உள்ளே வராமல் வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிற சாட்டில் நின்றார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அவள் மெல்லச் சொன்னாள். விரிவுரையாளர்கள் இரண்டு பேர் இருந்தார்களாம், நல்லவர்களாம். ஒரு கதை சொன்னார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், ஏரியில் ஐஸ் நல்ல தடிப்பு, தாராளமாக நடக்கலாம் என்று ஒருவனிடம் உறுதியாகச் சொல்கிறார். அவர் மனதார அப்படித்தான் நம்புகிறார். அவன் போய் ஏறுகிறான், ஐஸ் உடைகிறது. சொன்னவர் மேல் குற்றம் இருக்கிறதா?

“இருக்கு எண்டு சொன்னன். நிறையக் காரணம் சொன்னன். அவைக்கு அது பிடிச்சது, அம்மா, எனக்குத் தெரிஞ்சுது. பிறகு, இப்ப அந்த ஆளுக்காக வாதாடும் எண்டு கேட்டவை. சட்டம் படிக்கிறவை அப்பிடித்தான், ரெண்டு பக்கமும் நிக்கத் தெரியோணும்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “எனக்கு ஒண்டும் வரேல்லை. நினைக்க நினைக்க அப்பான்ர முகம்தான் வந்தது. எனக்குக் கோவம் வந்தது. சும்மா இருந்திட்டன். அங்கதான் பிழைச்சது.”

வாசலில் சப்பாத்துச் சத்தம் நின்றுபோனது. ஜோனுக்குக் கேட்டிருந்தது.

முடிவு ஜனவரியில் வந்தது. மன்னிக்கவும் என்று தொடங்குகிற மின்னஞ்சல். எப்சிபா அதை ஒருமுறைதான் வாசித்தாள். பிறகு குளியலறைக்குள் போய் வாஷிங் மெஷினை வெறுமனே ஓடவிட்டுவிட்டு அதன் சத்தத்துக்குள் அழுதாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். கிடைக்காது, கிடைக்காது என்று சொன்ன பிள்ளை அதை எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஜோன் படிக்கட்டில் இருந்தார். “என்னாலதான்,” என்றார்.

ஞாயிறு அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து காரின் பின்சீட்டில் ஏறினாள்.

சாட்சி நேரம் வந்ததும் ஜோன் எழும்பினார். என்ன சொல்லப்போகிறார் என்று என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

“என்ர மகளுக்கு இடம் கிடைக்கேல்லை,” என்றார்.

எங்கள் சபையில் ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வது வழக்கம். இதற்கு என்ன சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் “ஸ்தோத்…” என்று தொடங்கிப் பாதியில் விழுங்கினார்.

“நான்தான் முந்திச் சொல்லிப்போட்டன். பிள்ளை சொல்லச் சொல்லேல்லை. அவளிட்டை மன்னிப்புக் கேக்கிறன். உங்களிட்டையும்.” பாஸ்டர் யேசுரட்ணம் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். யாரோ பின்னால் குசுகுசுத்தார்கள். அந்தக் குசுகுசுப்பைத் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்க நான் எழும்பினேன். எனக்கு முன்னம் எப்சிபா எழும்பிவிட்டாள்.

அவள் தகப்பனின் பக்கத்தில் போய் நின்று மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

“எனக்குத் தமிழ் கொஞ்சம் பிழைக்கும்,” என்றாள். “ஒரு ஆள் ஐஸ் தடிப்பு, நடக்கலாம் எண்டு சொல்லுறார். ஐஸ் உடையுது. அந்த ஆளுக்காக வாதாடும் எண்டு இங்கிலாந்துக்காரர் என்னட்டைக் கேட்டவை. எனக்கு அண்டைக்குப் பதில் வரேல்லை. இப்ப வருது.” மூச்சை எடுத்தாள். “பொய் சொல்லுற ஆள் கரையில நிண்டு மற்ற ஆளைப் போகச் சொல்லுவான். என்ர அப்பா முதல் தான் ஏறி நிண்டவர். எல்லாருக்கும் முன்னால ஏறி நிண்டவர். உடைஞ்சதும் அவரும்தான் விழுந்தவர். அவர் அவசரப்பட்டவர், அது பிழை. ஆனா அவர் பொய்யர் இல்லை. நான் அவரைப் பொய்யர் எண்டு சொன்னனான். அது என்ர பிழை.”

நான் நின்றபடியே அழுதேன். வெட்கமாக இல்லை. சட்டம் படித்தவர்கள் எப்படி வாதாடுவார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் என் பிள்ளை வாதாடியதைப் பார்த்துவிட்டேன். அந்த இரண்டு விரிவுரையாளர்களும் அன்று ஹேர்னிங்கில் இருந்திருக்கக் கூடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அப்போது குருசுமுத்து அண்ணை சுவரைப் பிடித்து எழும்பினார். மைக்குக்குப் போகவில்லை, இருந்த இடத்திலேயே நின்றார்.

“நான் என்ர முதுகு சுகமாயிட்டுது எண்டு சாட்சி சொன்னனான்,” என்றார். “சுகமாகேல்லை. இப்பவும் நோகுது. சரியா நோகுது.”

சொல்லிவிட்டு மெல்ல இருந்தார். பிறகு பாஸ்டர் யேசுரட்ணம் தாழ்ந்த குரலில் “ஸ்தோத்திரம்” என்றார். ஒவ்வொருவராக எல்லோரும் சொன்னார்கள். குருசுமுத்து அண்ணையின் மனைவி அவருடைய முதுகுக்குப் பின்னால் தன் குஷனை வைத்தாள். அதை அவள் எத்தனையோ நாளாக வைக்க நினைத்திருப்பாள் என்று எனக்குப் பட்டது.

திரும்பி வரும்போது பனி தூறியது. ஜோன் காரை மெதுவாக ஓட்டினார். எப்சிபா பின்சீட்டிலிருந்து, “அப்பா,” என்றாள். நவம்பருக்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் அவரைப் பார்த்துச் சொன்னது அப்போதுதான்.

“என்ன பிள்ளை?”

“இங்கயே, ஓர்ஹூஸ் யூனிவர்சிற்றியில சட்டம் படிக்க விண்ணப்பம் போடப்போறன். கிடைக்குமோ தெரியாது.” கிடைக்காது என்று சொல்லவில்லை. நான் கவனித்தேன். “முடிவு வருமட்டும் நீங்கள் ஒருத்தருக்கும் வாய் திறக்கக் கூடாது. ஸ்ரெபானி மாமிக்கும் சொல்லக் கூடாது. சாட்சியும் கூடாது.”

“ஓம்.”

“சத்தியமா?”

“ஓம் எண்டுறன்.” கொஞ்சத் தூரம் போனார். பிராண்டேக்குத் திரும்பும் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றார். பிறகு கண்ணாடியில் அவளைப் பார்த்து மெல்லக் கேட்டார். “பிள்ளை, மனசுக்குள்ள பெற்றுக்கொள்ளலாமோ?”

எப்சிபா வழக்கம் போல் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். விளக்குப் பச்சையாகியும் ஜோன் காரை எடுக்கவில்லை. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

“மனசுக்குள்ள எண்டா, ஓம்,” என்றாள்.