ஏழாம் எண் மாத்திரை

சந்திரகலா எம்.பார்ம். படித்த இரண்டு வருஷமும் கடம்பத்தூரிலிருந்து ரயிலில்தான் சென்னைக்குப் போய்வந்தாள். எழுபத்து நாலில் சேர்ந்தாள். வகுப்பில் ஐந்தே பேர், அவள் ஒருத்திதான் பெண். ஊரில் அவளை "டாக்டருக்குப் படிக்குது" என்பார்கள். "இல்லீங்க, மருந்துக்குப் படிக்கிறேன்" என்று திருத்தினால், "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

படிக்க வைத்தவன் அண்ணன் ராஜமாணிக்கம். அப்பா இறந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயசு, அவளுக்குப் பதினொன்று. ஏரித் தண்ணீரை நம்பின மூன்று ஏக்கரையும் அவன்தான் கட்டி மேய்த்தான். பி.பார்ம். முடிந்த கையோடு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று அம்மா லட்சுமியம்மாள் ஆரம்பித்தபோது அவன் குறுக்கே விழுந்தான்.

"அது படிக்கணும்னுது, படிக்கட்டும்மா. நமக்கு இன்னா கொறைஞ்சி பூடுச்சி?"

முதல் வருஷம் முடிகிற சமயம் அவனுக்கு இருமல் கண்டது. நெல் தூற்றுகிற தூசி என்று இருந்துவிட்டான். ஒருநாள் களத்திலேயே ரத்தமாகத் துப்பினான். திருவள்ளூரில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், காசம் என்றார். ஒன்றரை வருஷம் ஒருநாள்கூட விடாமல் மாத்திரை சாப்பிட்டால் எழுந்துவிடலாம் என்றும் சொன்னார். பக்கத்து ஊர் தர்ம ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரை மாசாமாசம் கிடைத்தது.

சந்திரகலா பயப்படவில்லை. எந்த மாத்திரை கிருமியை என்ன செய்யும் என்று படம் போட்டுப் படித்தவள் அவள். அண்ணி செல்வியை உட்காரவைத்து, எந்த வேளைக்கு எது என்று சொல்லிக்கொடுத்தாள். தன் ஆராய்ச்சிக்கும் அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டாள். நம் ஊர் வெக்கையில் காச மாத்திரைகளின் வீரியம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதுதான் அது.

ஆறு மாசம் ஆயிற்று. ராஜமாணிக்கத்தின் உடம்பு தேறவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. புஸ்தகத்தில் எழுதியிருந்ததற்கும் வீட்டில் நடப்பதற்கும் பொருந்தவே இல்லை. அவளுக்குத் தோன்றிய காரணம் ஒன்றுதான்.

"மாத்திரைய எங்க கொட்டுறேண்ணா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டே விட்டாள்.

"நான் எங்கம்மா கொட்டுறேன்? வேளை தவறாம முழுங்கிக்கினுதான் இருக்கேன்."

"முழுங்கினா காய்ச்சல் ஏன் எறங்கல? வயித்தப் பொரட்டுதுன்னு துப்பிடறே. இன்னும் எத்தினி நாளைக்கு எங்களை ஏமாத்துவே?"

அவன் தன் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து, அதன் தலைமேல் கையை வைத்து, அப்படியே அவளைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து செல்வி அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் நகர்ந்தாள். முப்பது வயசு ஆண்பிள்ளை, பெண்டாட்டி முன்னால் நாக்கை நீட்டிக் காட்டினான்.

ஆராய்ச்சிக்காகப் பல ஊர்க் கடைகளிலிருந்து பதினோரு டப்பா மாத்திரை வாங்கியிருந்தாள். கணக்கு பன்னிரண்டாக இருக்கட்டுமே என்று, வீட்டிலிருந்த அண்ணனின் டப்பாவிலிருந்தும் இருபது மாத்திரை எடுத்துப்போனாள். எண்களைக் குலுக்கிப் போட்டதில் அதற்கு விழுந்த எண் ஏழு.

மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, அமிலம் விட்டு, சிவப்பு நிறம் காட்டும் சொட்டைச் சேர்த்தாள். மேலேயிருந்து கண்ணாடிக் குழாய் வழியே இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மருந்து தீருகிற இடத்தில் சிவப்பு மறையும். மற்ற மாத்திரைகளுக்கெல்லாம் பதினாலரை மில்லி பிடித்தது. இதற்கு ஐந்து தாண்டியதுமே சிவப்பு போய்விட்டது. கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தாள். மூன்றாம் தடவையும் அதே இடத்தில் குடுவை வெளுத்துப்போய் நின்றது. நூறு பங்கு இருக்க வேண்டிய மருந்து முப்பத்தாறு பங்குதான் இருந்தது. மிச்சம் மாவு.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் நாக்கை நீட்டினதுதான் கண்ணில் வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவனிடம் சொன்னாள். அழக் கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை.

"மாத்திரைலதான் கோளாறுண்ணா. நீ சரியாத்தான் சாப்ட்டிருக்கே. நான்தான்..."

"அப்ப இத்தினி மாசமா மாவா துன்னேன்?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மூச்சு வந்ததும், "செல்விகிட்டயும் சொல்லிடும்மா" என்றான்.

அவளுடைய பேராசிரியர் ஆதிநாராயணன் தாளை வாங்கிப் பார்த்தார். நம்பாமல் தானே கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி சோதித்தார். அதே அளவுதான் வந்தது. கை கழுவிவிட்டு வெகுநேரம் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றார்.

"கம்பெனி எங்கே?"

"கும்மிடிப்பூண்டிப் பக்கம் சார். புதுசா ஒரு ஷெட்டு."

"மருந்து இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார். நான் கடுதாசி தர முடியாது. ஆனா போய்ப் பார்."

இன்ஸ்பெக்டர் ஜெயராஜ் நல்ல மனுஷன். உட்காரச் சொல்லி முழுக்கக் கேட்டார். "அம்மா, நீங்க டப்பாவைத் தொறந்துட்டீங்க. சட்டப்படி நான் எடுத்து, நானே பிரிச்சு, சீல் வச்சு அனுப்பினாத்தான் அது சாம்பிள். உங்க வீட்டு மாத்திரைய கோர்ட்டுல வச்சா, நீங்களே மாவு கலந்தீங்கம்பான்" என்றார். இருந்தாலும் மறு வாரமே தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தச் சரக்கு தீர்ந்து புதுச் சரக்கு வந்திருந்தது. எடுத்து அனுப்பினார். புதுச் சரக்கில் மருந்து சரியாக இருந்தது. அதோடு அவர் கையும் கட்டுண்டுபோயிற்று.

சந்திரகலா ஒவ்வொரு மாசமும் தானே சோதித்துப் பார்த்த மாத்திரைகளை வாங்கிவந்தாள். இனிமேல் எழுந்துவிடுவான் என்று அம்மாவிடம் சொன்னாள். லட்சுமியம்மாள் பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மூன்று மாசம் போயிற்று. காய்ச்சல் விடவில்லை. சென்னைக்குக் கூட்டிப்போய் சோதனைக்குச் சளியைக் கொடுத்தார்கள். முடிவு வர ஒன்பது வாரம் பிடித்தது. டாக்டர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் என்ன படிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

"நீயே படி."

படித்தாள். கொஞ்சங்கொஞ்சமாக மருந்து கொடுத்தால் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். முதல் வருஷப் பரீட்சையில் அவள் எழுதிய பதில் அது. இப்போது அண்ணன் நெஞ்சில் இருந்த கிருமிக்கு அந்த மாத்திரை ஒன்றுமே இல்லை. காசத்துக்குப் போடுகிற ஊசியும் அதனிடம் பலிக்காது என்று போட்டிருந்தது. வேறு மருந்து இருக்கிறது, படுக்கை காலியானால்தான் ஆரம்பிக்க முடியும், பேரை எழுதிக்கொள்கிறேன் என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் ராஜமாணிக்கம் பக்கத்து ஆளிடம் மழை நிலவரம் விசாரித்துக்கொண்டிருந்தான்.

ஆராய்ச்சிக் கட்டுரை தட்டெழுத்துக்குப் போகும் முன்னால் ஆதிநாராயணன் அவளை அழைத்தார். "ஏழாம் எண்ணை எடுத்துடும்மா. வெளியிலேருந்து வர்ற எக்ஸாமினர் நூறு கேள்வி கேப்பார். கம்பெனிக்காரன் கேஸ் போட்டா நீயும் நானும்தான் நிக்கணும். அதுல எந்த நோயாளிக்கும் நல்லது நடந்துடாது." அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. வரியை அடித்தாள். ஆனால் எண்களை மாற்றி எழுதவில்லை. ஆறுக்கு அப்புறம் எட்டு என்றே விட்டாள்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர் பேராசிரியர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "ஏழு எங்கேம்மா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஆதிநாராயணன் மேஜையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறுகிறவர். மாசக்கணக்கில் ஒற்றை ஆளாய் நிலத்தைப் பார்க்கிற செல்வி ஞாபகத்துக்கு வந்தாள். இந்தப் பட்டத்தில் கிடைக்கப்போகிற வேலைதான் இனி அந்த வீட்டுக்கு ஆதாரம்.

"மாத்திரை ஒடஞ்சிப் போச்சி சார். அளக்க முடியல."

"பரவாயில்லை" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார் அவர்.

தேறிவிட்டாள் என்று அங்கேயே சொன்னார்கள். ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். ராஜமாணிக்கம் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னியா?"

"சொன்னேண்ணா."

"அது போதும்" என்றான். ஒரு ஆரஞ்சை உரிக்கச் சொல்லி, சுளையைக் குழந்தைக்கு எட்ட இருந்தே கொடுக்கச் சொன்னான்.

அதற்குப் பதினெட்டாம் நாள் காலையில் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் அவன் பேருக்கு மேலே இன்னும் நாலு பேர் இருந்தார்கள். லட்சுமியம்மாள் வாசலில் வண்டி பார்க்க ஓடினாள். செல்வி அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் மடியில் அள்ளிக்கொண்டு வந்து நாத்தனார் முன்னால் கொட்டினாள்.

"நீ படிச்சவ கலா. இதுல எத்தக் குடுக்கட்டும், சொல்லு."

சந்திரகலா ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியான மாத்திரை. எல்லாம் அவளே சோதித்தவை. ஒன்றையும் திறக்காமல் வைத்துவிட்டு, அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.