மேல் வீட்டுச் சத்தம்

1

உங்கள் தலைக்கு மேலே குடியிருப்பவர்கள் சாயங்காலம் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

அமல்ராஜுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கதையே வந்தது. கதைக்கான யோசனை எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டால் சிலர் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள். அவன் சீலிங்கைக் காட்டுவான். சென்னையை ஒட்டிய நூம்பலில் அவன் வாடகைக்கு இருக்கும் ஃபிளாட்டின் சீலிங். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, மேல் வீட்டில் கனமான எதையோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்கும். கொஞ்சம் அமைதி. அப்புறம் யாரோ கை தட்டுவார்கள்.

கையிருப்பு அவ்வளவுதான்.

(அமல்ராஜ் என்று பேர் வைத்துவிட்டதால் அது நான் இல்லை என்று நம்பிவிடுங்கள். நாகர்கோவில் பக்கத்து ஆள். செம்பரம்பாக்கம் அருகே ஒரு கிடங்கில் சரக்குப் பார்க்கிற வேலை. எழுதச் சொல்லிக்கொடுக்க யாரும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசவும் யாரும் இல்லை. எழுத்துக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவியது.)

2

முதல் தொடக்கம்: ‘இருட்டியதும் அவள் பீரோவை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள், ஏனென்றால் அவன்...’

எவன்? தெரியவில்லை. அப்புறம், பயந்தவள் எதற்குக் கை தட்டுகிறாள்?

இரண்டாவது: ‘கண் தெரியாத பெரியவர் கட்டிலை ஜன்னலோரம்...’ [அழவைக்கிற திட்டம். அடித்தாயிற்று.]

மூன்றாவது ஓடியது. ஒருவன் வீட்டுக்குள்ளேயே மேடை போடுகிறான். பார்க்க ஒரே ஒரு ஆள். இதுவரை எந்தக் கதையையும் முடித்திராத அமல்ராஜ் பாதியைத் தாண்டிவிட்டான்.

3

அப்போது கதவு தட்டப்பட்டது. [‘தட்டப்பட்டது’ வேண்டாம். யுவராணி தட்டினாள்.] மேல் வீட்டுக்காரி. கையில் மூடி போட்ட கிண்ணம்.

“இன்னா தம்பி, நாங்க போட்ற சத்தம் ரொம்ப பேஜாரா கீதா? கீழ் ஊட்டுத் தம்பி ஒரு வார்த்த கேக்கலியேன்னு எங்க ஊட்டுக்காரருக்கே ஆச்சரியம். அது இன்னான்னா...”

“அக்கா, சொல்லிராதீங்க!”

“ஏன்?”

“தெரிஞ்சா எழுத முடியாதுக்கா. அத வச்சுத்தான் ஒரு கதை எழுதிட்டு இருக்கேன்.”

யுவராணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “நாங்க இன்னா பண்றோம்னே தெர்யாம எங்களப் பத்திக் கதையா? நல்லா கீதே! அதுல நான் இன்னாவா வர்றேன்?”

“நீங்க... இன்னும் வரலக்கா.”

“என் ஊட்டுக் கதைல நானே இல்லியா! தோ பாரு, நாளைக்குக் காலைல டிபனுக்கு மேல வா. வந்தா சொல்லிருவேன், எனக்கு வாயி நிக்காது. வராங்காட்டி பரவால்ல, நீ எழுதிக்கோ. இனிமே வந்து தொந்தரவு பண்ண மாட்டேன்.”

கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் படியேறினாள். அவன் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து, வீட்டு ஓனரும் கூரியர்காரரும் தவிர, அந்தக் கதவைத் தட்டிய முதல் ஆள் அவள்தான்.

4

இங்கே நான் மாட்டிக்கொண்டேன்.

போகவில்லை என்று எழுதலாம். கதை முடிகிறது, அச்சாகிறது, மேலே கை தட்டுகிறார்கள். ஆனால் கீழே ஒண்டியாக உட்கார்ந்து கேட்கிற கைத்தட்டு அது.

போகிறான் என்று எழுதலாம். மூன்றாவது தொடக்கம் யுவராணியின் சமையலறையிலேயே செத்துப்போகும்.

போய், காதைப் பொத்திக்கொண்டு சாப்பிடுகிறான் என்றும் ஒரு வரைவு இருக்கிறது. (எந்தக் கையால்?)

சத்தத்தின் காரணத்தை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு அது இன்னும் தெரியாது. அதனால் கதை இப்போது உங்களிடம்தான் உயிரோடு இருக்கிறது. முடித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை அமல்ராஜ் மேலே போனான். யுவராணி காரணத்தைச் சொன்னாள். அவன் இன்னும் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.