உர்சு படுத்திருந்த சட்டை

கலாட்ஸ் தெருநாய்க் காப்பகத்திலிருந்து என் கணவர் ஒக்தாவியன் கூட்டி வந்த உர்சு, நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே உறுமும்.

"நாய்கிட்ட போய்ப் பொறாமையாடி?" என்று சிரிப்பார்.

அவர் இறந்த நாற்பதாம் நாள், வழக்கப்படி அவருடைய துணிகளையெல்லாம் தானம் கொடுத்தேன். உர்சு படுத்திருந்த கம்பளிச் சட்டையை எடுக்கப் போனபோது கையைக் கடித்துவிட்டது. மறுநாளே காப்பகத்து மிரேலாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"திருப்பிக் கொண்டாந்து விட்டுருங்கக்கா. அவரு வாசனை இருக்கற துணி ஒண்ணும் கூடவே குடுங்க. இல்லேன்னா சாப்பிடாது."

அவர் வாசனையோடு வீட்டில் மிச்சமிருந்தது அந்தச் சட்டை ஒன்றுதான்.

"வேணாம், இங்கயே கிடக்கட்டும்."

"பாசம் வந்துருச்சாக்கா?"

"பாசமா? நல்லாச் சொன்னே போ! சட்டையைத் தூக்கிட்டுப் போக விடமாட்டேன், அவ்வளவுதான்."