மச்சான் காணியில் ஒரு டவர்

மீராசாஹிப் எனக்கு மச்சான். என் மனைவி றுகையாவின் அண்ணன்; அவள் வாயில் 'நானா'. குருவிட்டயில் எங்கள் இருவரின் ரப்பர்க் காணிகளும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. நடுவில் ஒரு கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் இந்தப் பக்கத்தைவிட ஒரு படி முந்தியும் ஒரு படி பெரிதாகவும் நடக்கும். எங்கள் தெருவில் முதல் ஏசி அவர் வீட்டில்தான் வந்தது. அதை மாட்டிய அன்று ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்தார், குளிர் வேலி தாண்டி வந்து எனக்குத் தடிமன் பிடிக்க வேண்டும் என்பதற்காக. பிடித்தது. ஒரு வாரம் தும்மினேன்.

எனக்கென்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். மச்சான் ஒரு நாளாவது என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். பள்ளிவாசலுக்குப் போனால் அந்த ஆசையைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். திரும்பி வந்தால் செருப்பு சில நாள் காணாமல் போயிருக்கும். ஆசை அப்படியே உட்கார்ந்திருக்கும்.

நான் மின்சார சபையில் வீடு வீடாக மீட்டர் வாசித்து ஓய்வு பெற்றவன். இரத்தினபுரி மாவட்டத்தில் என்னைக் கடிக்காத நாய் ஒன்று இருந்தால், அது நான் ஓய்வு பெற்ற பிறகு பிறந்த நாய். ஆகவே எங்கள் பகுதிக்குப் புதிய பெரிய மின்பாதை வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது, அது என்னைத் தேடித்தான் வருகிறது என்று நினைத்ததில் என்ன தப்பு?

பழைய பாதையால் சுமக்க முடியவில்லை. அது போட்ட காலத்தில் ஊரில் வீட்டுக்கு இரண்டு பல்புதான். இப்போது தையல் ஃபேக்டரி, ஐஸ் ஃபேக்டரி, பேட்டரியில் ஓடும் த்ரீவீல், மச்சானுடைய ஏசி. மாலையானால் கம்பிகள் சூடேறித் தொய்ந்துவிடும். ஆள் உயரத்துக்குத் தொய்ந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று நான் சொன்னால் நம்பத் தேவையில்லை; அதில் அப்பளம் பொரித்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் நம்பலாம். எப்படியோ, மலைக்கு அப்பாலிருந்து புதிய பாதை, டவுனுக்கு வெளியே புதிய சப்ஸ்டேஷன், வரப்போகும் இருபது வருடத்துக்கும் போதுமான கரண்ட். அதுதான் திட்டம்.

திட்டம் போட வந்த இன்ஜினியர் சுரேந்திரன். எங்கள் காணிகளுக்கு மேலே இருக்கிற தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்து, படித்து, தலையில் மஞ்சள் தொப்பியோடு திரும்பி வந்த பிள்ளை. மலையிலிருந்து நேராக இறங்கும் பாதை எங்கள் இரண்டு காணிகளுக்குப் பக்கத்தில் சப்ஸ்டேஷனை நோக்கித் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தில் சாதாரண டவர் போதாது. நான்கு காலும் யானைக்கால் மாதிரி, கம்பிகளை இழுத்துப் பிடிக்கிற தடித்த டவர் வேண்டும். அதற்கான சிவப்புத் துணி கட்டிய முளையை அடித்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அடித்தார்கள்!

அன்றிலிருந்து மச்சான் சாரத்தை மடித்துக் கட்டுவதை விட்டுவிட்டார். அயன் பண்ணிய காற்சட்டைதான். முளைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம். "இது சாதாரண டவர் இல்ல. இது வளையிற டவர். கொழும்புல கூட இப்படி ஒண்டு ஈக்குமோ தெரியாது." ஊரும் சும்மா இருக்குமா? வாரம் முடியுமுன் 'டவர் ஹாஜியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சலூனில் அவருக்கு முதலில் முடி வெட்டினார்கள். நான் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் வந்து புலம்பினேன். "முழு ஆயுசும் கரண்டுக்கு ஓடினது நான். டவர் அவருக்கா?"

றுகையா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "டவர் வந்தா கம்பிக்குக் கீழ ஒரு மரமும் வெக்க ஏலாதாம். நானாட மரம் பாதி போகும். நம்மட பக்கம் வரல்லயேண்டு சந்தோசப்படுங்க."

"மரம் போனாப் போகட்டும். டவர் ஈக்குமே?"

"ஓ. டவரப் போட்டு ஆணம் காய்ச்சித் தாரன். நல்லா சோத்துல ஊத்தித் தின்னுங்க."

எங்கள் மரங்களில் பால் வெட்டுகிறவள் இருளாயி. தோட்டத்து லயத்திலிருந்து விடியக் காலையில் இறங்கி வருவாள். பாலில் பாதி அவளுக்கு, பாதி எங்களுக்கு. அவளிடமும் சொன்னேன். அவள் சிரட்டையைக் கவிழ்த்துத் துடைத்தபடியே கேட்டாள்.

"ஏன் மொதலாளி, அந்த டவருல கீறுனா பாலு வருமுங்களா?"

"வராது."

"பெறகு என்னாத்துக்குங்க ஆசப்படுறீங்க? எனக்கு இந்த மரந்தாங்க சோறு. கம்பியப் பாத்துக்கிட்டு நானும் எம்புள்ளைங்களும் காத்தையா குடிக்கிறது?"

கேள்வி நியாயம்தான். ஆனால் பொறாமைக்கு நியாயம் தேவைப்படாது, அதற்குத் தீனிதான் வேண்டும். தீனியை சுரேந்திரனே கொண்டுவந்தார். வேலியோரமாக அளவுக் கருவியை வைத்துக்கொண்டு நின்றவரிடம், "தம்பி, முளை முடிவான முளைதானா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க அங்கிள். இன்னும் முடிவாகல. உங்க பக்கத்தயும் பாக்கணும். பத்தடி தள்ளினா ஒண்ணும் கெட்டுப்போயிறாது."

பத்தடி! எனக்கும் சொர்க்கத்துக்கும் இடையில் பத்தடி! அன்றைக்கு நான் நடந்ததில் கால் தரையில் பட்டதாக ஞாபகம் இல்லை.

மச்சானுக்கும் அந்தச் செய்தி போயிருக்க வேண்டும். மறு ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியருக்கும் அவருடைய இரண்டு அளவையாளர்களுக்கும் பகல் சாப்பாடு அவர் வீட்டில் என்று அறிவித்தார். பள்ளிவாசல் தலைவர் ஜுனைதீன் ஹாஜியாரையும் கூப்பிட்டார். என்னைக் கூப்பிட்டது தங்கைக்காக. சஹன் சாப்பாடு. ஒரே பெரிய தட்டில் புரியாணி, சுற்றி ஆறு பேர். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அவரவர் எடுக்க வேண்டும். நடுவில் பொரித்த கோழி, ஓரத்தில் அச்சாற்று ஊறுகாய். மச்சான் என்னை இன்ஜினியருக்கு இடப் பக்கம் உட்காரவிட்டு, வலப் பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டார். கோழியின் நல்ல துண்டுகளும் அந்தப் பக்கம்தான் சாய்ந்து கிடந்தன.

"லைன் எப்பிடித்தான் போகுது மகன்?" என்று கேட்டார் ஜுனைதீன் ஹாஜியார்.

சுரேந்திரன் சோற்றையே வரைபடமாக்கிவிட்டார். "இந்தக் கோழிதாங்க சப்ஸ்டேஷன். அந்தா அச்சாறு இருக்குல்ல, அதுதான் மல." அச்சாற்றிலிருந்து விரலால் சோற்றில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வந்தார். எல்லோருடைய வாயும் நின்றுவிட்டது. கோடு என் சோற்றுக்கும் மச்சானுடைய சோற்றுக்கும் நடுவில் வந்து, கோழியைப் பார்த்து வளைந்தது. வளைவு விழுந்தது மச்சானுடைய சோற்றில்.

எனக்குப் பொறுக்கவில்லை. கோழிக் காலைப் பிடித்துக் கொஞ்சம் என் பக்கம் இழுத்தேன். முழுக் கோழியும் வந்தது.

"மச்சான்! சப்ஸ்டேஷன வெச்ச எடத்துல வெய்ங்க!" என்று கத்தினார் மீராசாஹிப்.

"வழுக்குது மச்சான். நெய் கூடிப்போச்சு."

அளவையாளர்கள் சிரித்தார்கள். சுரேந்திரனும் சிரித்துக்கொண்டே கேட்டார். "ரெண்டு பக்கமும் எடம் சரிதாங்க. மண்ணு எப்பிடினு சொல்லுங்க. அதுலதான் முடிவு பண்ணணும்."

"என்ட மண்ணா?" மச்சான் முந்திக்கொண்டார். "சிமெந்து! மம்பட்டி வெச்சா மம்பட்டி வாய் மடங்கும்."

இப்போது என் முறை. குருவிட்டயில் ஒருவனிடம் அவன் மண்ணைப் பற்றிக் கேட்டால், அவன் மாணிக்கத்தைப் பற்றித்தான் பதில் சொல்வான். மாணிக்கம் தோண்டுகிற எங்கள் ஊரின் வியாதி இது. கேட்டவர் கட்டடம் கட்ட வந்திருந்தாலும் சரி, கத்தரிக்காய் போட வந்திருந்தாலும் சரி.

"சிமெந்து ஆருக்கு வேணும்?" என்றேன். "என்ட மண்ணுல ஈக்கிறது மாணிக்கம். எங்கட வாப்பா தோண்டாத எடமே இல்ல. நீலக்கல்லு வாளி வாளியா ஏறின காலம் ஈந்திச்சு. சின்ன வயசுல நான் கோலி வெளயாடினதே அதுலதான்."

வாப்பா தோண்டியது ஒரே ஒரு குழி. வந்தது தண்ணீரும் இரண்டு தவளையும். ஆனால் நல்ல புரியாணிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது தவளையைப் பற்றி யார் பேசுவார்கள்?

சுரேந்திரனுடைய கை சோற்றில் நின்றது. "நெறைய குழியா அங்கிள்?"

"நெறையவா? கீழ முழுக்க ஓட்டை! வேலியோரமாத்தான் கூட. மேல சும்மா மண்ணத் தள்ளி மூடின. மழைக் காலத்துல காத வெச்சா கீழ களு கங்கை ஓடுற சத்தம் கேக்கும்!"

"அப்ப உங்க பக்கம் வேணாங்க." அவர் என் சோற்றுப் பக்கம் இருந்த விரலை எடுத்துவிட்டார். "இது வளையிற டவரு. கம்பி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும். குழி மூடின மண்ணுல கால் நிக்காது. நாளைக்கு மழைக்குச் சாஞ்சா மாவட்டமே இருட்டு."

ஒரு வார்த்தை போதும். 'சும்மா சொன்னேன் தம்பி' என்று சிரித்துவிட்டால் பத்தடியும் என்னுடையது. வாயைத் திறந்தேன். அப்போதுதான் மச்சானைப் பார்த்தேன்.

அவர் வாய் நிறையச் சோறு இருந்தது. மெல்லவில்லை. கண் என் முகத்தில் இல்லை. என் தலைக்கு மேலே எங்கேயோ, வாளி வாளியாக நீலக்கல் ஏறுகிற இடத்தில் இருந்தது. காது சிவந்திருந்தது. அந்தக் காது எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் நான் பார்க்கிற காது அது.

வாயை மூடிக்கொண்டேன். டவரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் மச்சான் சும்மா இருக்கிற ஆளா? சோற்றை விழுங்கினார். "என்ட பக்கம் மட்டும் என்ன, இன்ஜினியர் தம்பி? எங்கட வாப்பா தோண்டினது இவங்கட வாப்பாவப் போல ரெண்டு மடங்கு!"

"இப்பதானே சிமெந்துண்டீங்க?" என்று கேட்டார் ஜுனைதீன் ஹாஜியார்.

"சிமெந்து மேல. கீழ குழி!"

சுரேந்திரன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கினாரா, நிம்மதிப் பெருமூச்சு விட்டாரா, தெரியவில்லை. அச்சாற்றிலிருந்து புதிதாக ஒரு கோட்டை இழுத்து, ஜுனைதீன் ஹாஜியாருடைய சோற்றைச் சுற்றிக் கோழிக்குக் கொண்டுபோனார். "அப்ப தோட்டத்து மேட்டுல, எங்க லயத்துக்கு அந்தாண்ட வச்சிடுவோங்க. கொஞ்சம் சுத்துதான். ஆனா அடியில பாறை. அந்த வழியையும் நான் ஏற்கனவே அளந்து வச்சிருக்கேன்."

"என்ட சோத்த விட்டுட்டுப் போங்க," என்றார் ஹாஜியார்.

மறுநாள் முளையைப் பிடுங்கினார்கள். பிளாஸ்டிக் கதிரை மட்டும் ரப்பர் மரங்களுக்கு நடுவில் கொஞ்ச நாள் கிடந்தது. இருளாயி வழக்கம்போல வந்து பால் வெட்டினாள். றுகையா நன்றி சொல்லி இரண்டு ரக்அத் ஷுக்ர் தொழுதாள். நானோ ஊரெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். சலூனில் எனக்கு முதலில் முடி வெட்டினார்கள். மச்சான் ஒவ்வொரு காலையும் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, என் மண்ணை ஏக்கத்தோடு பார்ப்பார். நான் கவனிக்காத மாதிரி குனிந்து எதையோ பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். சரளைக் கல்தான். அப்படியொரு சுகத்தை அந்த ஏசி கூட அவருக்குக் கொடுத்திருக்காது.

பிறகு ஒரு நாள் றுகையா ஓடி வந்தாள். "நானா லைசன் எடுத்து, ஆள் புடிச்சு, வேலியோரமாக் குழி தோண்டுறார். நீங்க அளந்த பொய்ய நம்பித்தான் தோண்டுறார். போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க!"

சொல்லத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன்.

குழி நல்ல ஆழம் போயிருந்தது. மரச் சட்டம் அடித்து, சுவர் சரியாமல் ஓலை சொருகி, முறையான குழி. அடியிலிருந்து சரளை மண் வந்துகொண்டிருந்தது. வெள்ளையும் மஞ்சளுமாக, இரத்தினபுரிக்காரர்கள் பார்த்ததும் மூச்சை இழுத்துப் பிடிக்கிற, மாணிக்கம் ஒளிந்திருக்கும் சரளை. மச்சான் விளிம்பில் குந்தியிருந்தார். காற்சட்டை முழுக்கச் சேறு. முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

நான் சொன்னது பொய்தான். ஆனால் மண்ணுக்கு அது தெரியுமா? என் பொய்யை அவர் தோண்டி மெய்யாக்கிவிட்டால்? முஷ்டி அளவில் ஒரு நீலக்கல் வந்து, அது வேலிக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டால்?

"என்ன மச்சான், வந்து நிக்கிறீங்க?" என்றார் அவர்.

"தண்ணி ஊறுது போல," என்றேன்.

"ஊறுது. பம்பு ஒண்டு வேணும்."

மாணிக்கக் குழியில் காணிக்காரனுக்கு ஒரு பங்கு, இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பங்கு, பம்பு கொடுக்கிறவனுக்கு ஒரு பங்கு. இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

"என்ட மோட்டர் சும்மாதான் கெடக்குது," என்றேன். "என்ட வீட்டுக் கரண்ட்டையே இழுத்துத் தாரன்."

அவர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தார்.

இப்போது பகல் முழுக்க என் மோட்டர் அவருடைய குழியில் ஓடுகிறது. மாவட்டத்தின் மின் தேவை கூடிக்கொண்டே போகிறதாம். சுரேந்திரன் பார்த்தால் என் பெயரையும் கணக்கில் சேர்ப்பார். அசர் தொழுகைக்கு முந்தி சரளையைக் கூடையில் போட்டு ஓடையில் அரிப்பார்கள். மச்சானும் நானும் தலையோடு தலை முட்டக் கூடைக்கு மேலே குனிந்து நிற்போம். யா அல்லாஹ், கல் எதுவும் வந்துவிடக் கூடாது என்று நான் மனசுக்குள் துஆக் கேட்கத் தொடங்குவேன். பாதியில் என் பங்கு ஞாபகம் வரும். உடனே மாற்றிக் கேட்பேன்: வரட்டும் ரப்பே, ஆனால் சின்னதாக வரட்டும், அதிலும் அவருடைய பங்கில் ஒரு கீறல் இருக்கட்டும்.

மச்சானுடைய உதடும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது.