மஞ்சள் அட்டையும் ஒரு மயிரிழையும்

பழைய இசைத்தட்டு ஒன்றைக் கையில் எடுத்துவிட்டால் அத்தானுக்குக் குரலே குழைந்துவிடும். பிறந்த குழந்தையை வாங்குகிறவர் மாதிரி, விளிம்பை மட்டும் உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டு, "முதல் அச்சு... வாசத்தைப் பாரு" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமும், தன் ரெக்கார்டு கடையின் பின்னறையில், மஞ்சள் அட்டை போட்ட அந்த ஜாஸ் ஆல்பத்தை அப்படித்தான் உறையிலிருந்து உருவினார். எதிரே அவருடைய மச்சினி, மடியில் ஒரு வெள்ளை உறையோடு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் இருந்தது அதே ஆல்பத்தின் மறு அச்சுக்கான மாதிரித் தட்டு. அவள் வெட்டியது.

வெட்டியது என்றால் நிஜமாகவே வெட்டுவதுதான், கண்ணுகளா. ஸ்டுடியோவில் ஒருபக்கம் பழைய டேப் பாட, மறுபக்கம் சுழலும் அரக்குத் தட்டில் சூடான ஊசி கோடு கீறிக்கொண்டே போகும். அந்தக் கோட்டை வைத்துத்தான் ஆலையில் அச்சு எடுப்பார்கள். அதனால் அவளுக்கு ஊசி என்றே பெயர் விழுந்துவிட்டது. குணத்துக்கும் பொருத்தம்தான் என்பார் அத்தான்.

டேப்பைக் கேட்ட முதல் நாளே ஊசிக்கு உறுத்தியது. பியானோவின் எந்த ஸ்வரமும் அதனதன் இடத்தில் இல்லை. எல்லாம் ஒரு மயிரிழை மேலே நின்றன. பதிவு செய்த அன்று மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். பிறகு அதே டேப்பை ஒழுங்கான வேகத்தில் போட்டபோது பாட்டு முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. முதல் அச்சு அப்படியே வந்துவிட்டது, கேட்டவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. ஊசி டேப்பின் வேகத்தைத் துளித்துளியாகக் குறைத்து, பியானோ பியானோவாக ஒலித்த இடத்தில் நிறுத்தி வெட்டினாள்.

அவள் யாரும் பக்கத்தில் நிற்காமல் தனியாக வெட்டிய முதல் ஆல்பம் அது. வெளியிடப்போகிற கம்பெனிக்காரருக்கோ விற்குமா என்ற கவலை. "வாங்கப்போறவங்க எல்லாம் உங்க அத்தான் மாதிரி ஆளுங்கதாம்மா. இவங்க ஒத்துக்கிட்டா உன் வேகம். இல்லன்னா வேற ஆளை வச்சுப் பழைய வேகத்துலயே வெட்டிக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருந்தார்.

எது எந்தத் தட்டு என்று தெரியாமல் கேட்பதாக ஏற்பாடு. குறுக்கே கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். அதற்குப் பின்னால் நின்று தட்டு மாற்ற அக்கா. ஊசிக்குக் கூடப் பிறந்தவள், அத்தானுக்கு மனைவி. ஆகவே எந்தப் பக்கமும் சாயமாட்டாள் என்று எல்லோரும் நம்பினார்கள். பாண்டு ஒத்திகையிலிருந்து நேராக வந்திருந்தாள், தோளில் சாக்ஸபோன் பெட்டியோடு.

"ஏங்க, கையெல்லாம் ஒரே எண்ணெய். தொடலாமா?"

"விளையாடாதடி, கழுவிட்டு வா!"

அத்தானின் சிநேகிதரான பல் டாக்டர், இரண்டு தட்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்கும்படி மீட்டர் வைத்துச் சரிபார்த்தார். கொஞ்சம் கூடுதல் சத்தம் இருந்தாலே காது ஏமாந்து அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமாம். பிறகு எல்லோரும் கண்ணை மூடிக் கேட்டார்கள்.

"முதல்ல போட்டதுல ஒரு துள்ளல் இருக்கு" என்றார் டாக்டர்.

"ரெண்டாவது? வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் பாய் தேடுற மாதிரி இருக்கு" என்றார் அத்தான்.

ஊசியைத் தவிர எல்லாக் கைகளும் முதலில் போட்டதற்கே உயர்ந்தன. "அது எதுங்க அண்ணி?" என்று டாக்டர் கேட்க, போர்வைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் மெதுவாக வந்தது.

"மஞ்சள் அட்டை."

ஊசியின் முகம் சுண்டிப்போனது. "பழக்கத்துக்குக் கை தூக்குறீங்க எல்லாரும். அந்தப் பியானோவைக் கேளுங்களேன்."

"மச்சினி, தோத்தா தோத்துட்டேன்னு சொல்லிடணும். நான் உன் அக்காகிட்ட தினம் சொல்லல?"

கம்பெனிக்காரர் அதற்குள் ஃபோனை எடுத்துவிட்டார். "மனசுல வச்சுக்காதேம்மா..."

"கொஞ்சம் இருங்க."

போர்வை விலகியது. அக்காவின் கழுத்தில் சாக்ஸபோன் தொங்கியது. ஊசி வெட்டிய தட்டை மறுபடி ஓடவிட்டு, அதோடு சேர்ந்து இரண்டு வரி வாசித்தாள். சட்டென்று நிறுத்தி, தன் வாத்தியத்தையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நான் இதைத் தள்ளவே இல்லயே!"

வாய் வைத்து ஊதும் துண்டு ஒரு கார்க்கின் மேல் செருகியிருக்கும். உள்ளே தள்ளினால் சுருதி ஏறும். பாண்டோடு சேரும் இடத்தில் கார்க்கில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள் அக்கா.

"கல்யாணம் ஆனதுலேருந்து உங்க மஞ்சள் அட்டையோட வாசிக்கிறேன். அது ஒண்ணுக்கு மட்டும் இந்தக் கோட்டைத் தாண்டி உள்ள தள்ளணும். ஏன்னு கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?"

அத்தான் மின்விசிறியைப் பார்த்தார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க."

"...உன் காதுல கோளாறுன்னு."

"நானும் நம்பித் தொலைச்சேன். ஊர்ல எல்லாரோடவும் சேருது, இந்தத் தட்டோட மட்டும் சேரல. அப்பவும் தப்பு என்மேலன்னு நினைச்சேன் பாருங்க!"

துண்டைக் கோட்டிலேயே வைத்துக்கொண்டு முதல் அச்சோடு ஊதினாள். இரண்டு சுருதியும் ஒன்றை ஒன்று உரசிக் கிறீச்சிட்டன. எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள்.

"ஐயோ, பல்லு கூசுதுங்க!" என்றார் டாக்டர்.

"உங்களுக்கேவா?" என்றாள் ஊசி.

மறுபடி அவள் தட்டு. இந்தத் தடவை எது அக்கா, எது ரெக்கார்டு என்று பிரிக்க முடியவில்லை. தூக்கக் கலக்கம் என்று அவர்கள் பரிகசித்த அந்த நிதானம், இப்போது மார்பை நிமிர்த்தி நடந்து வந்தது. அத்தான் எழுந்தார். நாற்காலியை இழுத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் போட்டுக்கொண்டார்.

"நிறுத்தாத. முதல்லேருந்து போடு."

கம்பெனிக்காரர் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார்: "ஆமாய்யா, இந்தப் பொண்ணோட வேகம்தான்! வேற யாரும் வேணாம். அட்டையில வெட்டினவ பேரைப் பெருசா போடு!"

"முதல் காப்பி எனக்கு" என்றார் அத்தான், திரும்பாமலே.

"மறு அச்சு உங்க வீட்டு வாசப்படி மிதிக்காதுன்னீங்களே அத்தான்?"

"மிதிக்கட்டும்டி. நானே தூக்கிட்டு வரேன்."

அக்கா கதவை விரியத் திறந்துவிட்டு வந்து, வாத்தியத்தை வாயில் வைத்து, தெருமுனைவரை கேட்கும்படி ஊதத் தொடங்கினாள்.